ஏமாந்தவர்களைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று கமெண்ட் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். வகுப்பிலேயே உங்களைக் கண்டுபிடித்தவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 78. தனியாக இருக்கிறார். குளியலறையைப் புதுசாக்கித் தருகிறேன் என்று வந்த ஒருவர் 1,20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். பழைய டைல்ஸ், குழாய், கழிவறைப் பீங்கான் எல்லாவற்றையும் இரண்டே நாளில் உடைத்து அள்ளிப் போட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரமாக ஆளைக் காணோம். அந்த அம்மா ராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கழிவறைக்குப் போய் வருகிறார்.

நான் இருக்கும்போதே வெளிநாட்டிலிருந்து மகன் பேசினான். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "படிச்சவங்கதானேம்மா நீங்க? ஒரு ரசீது வாங்கத் தெரியாதா? யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவீங்களா? இனிமே என்னைக் கேட்காம எதுலயும் கை வைக்காதீங்க." அந்த அம்மா "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, "நான்தான் டீச்சர் முட்டாள்" என்றார்.

பத்து நிமிடம் மகன் பேசினானே, அந்தக் காண்ட்ராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. திட்டு முழுக்க அம்மாவுக்குத்தான். பணத்தோடு போனவனுக்கு ஒரு திட்டு கூட இல்லை.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் ஒரு விஷயம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதை இன்றைக்கு இங்கே எழுதுகிறேன். நானும் ஏமாந்தவள்தான். வெட்கப்பட்டுக்கொண்டு உங்களில் ஒருவரிடமும் இதுவரை சொல்லவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததே, அதற்குப் பிறகு எங்கள் அசோக் நகர் வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஓதம் இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்காரருக்கு இழுப்பு உண்டு. பூஞ்சை பிடித்த அறையில் அவர் இருமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்க முடியவில்லை. அடுத்த மழைக்குள் சரி செய்துவிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஆள் தேடினோம். வந்த காண்ட்ராக்டர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "டீச்சர், என்னைத் தெரியலையா? அஞ்சாம் கிளாஸ் உங்ககிட்டதான் படிச்சேன்" என்றான். பேரைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. மூன்றாவது பெஞ்ச்.

மாடி முழுக்கத் தட்டோடு போய்விட்டது, அடியில் இருக்கிற சுண்ணாம்பு ஜல்லியோடு பெயர்த்துவிட்டுப் புதுசாகப் போட்டு மேலே வெயில் தாங்குகிற ஓடு பதிக்க வேண்டும் என்றான். 1,050 சதுர அடி, அடிக்கு 180 ரூபாய், ஆக 1,89,000 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். 95,000 அட்வான்ஸ். நாலு நாளில் மாடியை உடைத்தான். "மெட்டீரியல் விலை ஏறப்போகுது டீச்சர்" என்று மேலும் 45,000 வாங்கினான். அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. ஆட்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், பூஜை முடிந்ததும் வந்துவிடுவார்கள் என்றான். விஜயதசமிக்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. சென்னைக்கே பள்ளி விடுமுறை விட்ட மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் மாடி உடைத்துப் போட்டபடி கிடந்தது. கூரையின் கான்கிரீட்டுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. படுக்கையறை, கூடம் இரண்டிலும் மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் இறங்கியது. மெயினை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். விடியும் வரை அப்படித்தான் இருந்தோம்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நீளம் 30 அடி, அகலம் 24 அடி. 720 சதுர அடி. கைப்பிடிச் சுவரின் அடியில் சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குப் பூசுகிற பட்டையைச் சேர்த்தாலும் 108 தான் கூடும். மொத்தம் 828. அவன் எழுதியது 1,050. வித்தியாசம் 222 சதுர அடி, 180 ரூபாய் வீதம் 39,960 ரூபாய்.

முப்பது வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பரப்பளவு நடத்தியவள் நான். அவனுக்கும் நான்தான் நடத்தினேன். அந்தக் கணக்கை என் சொந்த மாடியில் ஏன் போட்டுப் பார்க்கவில்லை? அளந்தால் அவன் மனசு கஷ்டப்படுமே என்று. எழுதிக் கேட்டால் "டீச்சர் என்னை நம்பலையா" என்று நினைப்பானே என்று. இந்தத் தயக்கத்தைத்தான் அவன் முதலாகப் போட்டுத் தொழில் செய்திருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் காணாமல் போன பிறகு ஒரு சாயங்காலம் உடைக்கிற வேலை செய்த ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். கணவனும் மனைவியும். ஆறு நாள் கூலி பாக்கியாம். என்னிடம் சத்தம் போடவில்லை. "அவர் எங்க இருக்கார்னு தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்கள். இந்த மோசடியில் என்னைவிட அதிகமாக இழந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே இதைப் படித்துவிட்டுக் கொத்தனார், சித்தாள் எல்லோரையும் திருடர்கள் என்று யாரும் எழுதாதீர்கள். எழுதினால் நான் அழித்துவிடுவேன்.

எங்கள் மாடியைக் கடைசியில் சரி செய்து கொடுத்தவரும் ஒரு மேஸ்திரிதான். அதிகம் படிக்காதவர். வந்ததும் ஒரு குச்சியால் தளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிக் கையை விட்டுப் பார்த்தார். "ஒழுகினது இந்தக் குழாய் வாயிலயும் சுவர் ஓரத்துலயும்தாம்மா. முழு மாடியையும் உடைச்சிருக்கவே வேண்டாம்" என்றார். பொருளுக்குக் கடை பில்லை என் கையில் கொடுத்தார். கூலியை வாராவாரம் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பூசியதும் ஏழு நாள் தண்ணீர் தேக்கி நனைய விட்டார். நாணயமான ஆளுக்குக் கணக்கு எழுதுவதில் சங்கடம் கிடையாது. எழுதக் கூச்சப்படுகிறவனைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இது கிழவிகளின் முட்டாள்தனத்தால் நடக்கிறது என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் ஏமாற்றுவது சுலபம், மாட்டிக்கொள்வது கஷ்டம் என்று நாம் வைத்திருக்கிறோம். அதனால் நடக்கிறது.

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக்கடையில் மருந்தாளுநர் வேண்டும். வீட்டில் மின்சார ஒயரிங் செய்கிற ஒப்பந்தக்காரருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் வேண்டும். ஆனால் உங்கள் தலைக்கு மேல் இருக்கிற கூரையை உடைக்க யாருக்கும் எதுவும் வேண்டாம். ஒரு செல்போன், ஒரு விசிட்டிங் கார்டு போதும். அந்தக் கார்டில் இருக்கிற விலாசம் நிஜமா என்று பார்க்கக்கூட ஓர் அலுவலகம் கிடையாது.

ரெரா இருக்கிறதே என்பீர்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம். புது ஃபிளாட் வாங்கினால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும் என்று அதன் 14-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 3-வது பிரிவைப் படியுங்கள். விற்பனை இல்லாத பழுது பார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளுக்குப் பதிவு வேண்டாம் என்று விலக்கு கொடுத்திருக்கிறது. கோடி ரூபாய்க்குப் புது ஃபிளாட் வாங்குகிறவருக்கு எழும்பூரில் ஓர் ஆணையம் உண்டு. நாற்பது வருஷத்துப் பழைய வீட்டில் பென்ஷன் பணத்தில் கூரையை ஒட்டுப்போடுகிறவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அசோக் நகர், கே.கே. நகர், மேற்கு மாம்பலம் பக்கம் வந்து பாருங்கள். வீடுகளுக்கும் வயதாகிவிட்டது, உள்ளே இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல பேட்டை எங்கே கிடைக்கும்?

போலீஸுக்குப் போனால் என்ன ஆகும்? "இது சிவில் மேட்டர்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வேலையை ஆரம்பித்துவிட்டானே, அதனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆட்கள் முதல் நாளே சம்மட்டியோடு வருகிறார்கள். உடைப்பது செலவு குறைந்த வேலை. வேலை ஆரம்பித்ததற்குச் சாட்சியும் ஆகிவிடுகிறது. உடைந்த வீட்டில் மாட்டிக்கொண்ட நாமும் கேட்ட பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்போம்.

வெளிநாட்டில் இருக்கிற என் மாணவர்களைக் கேட்கிறேன். கலிபோர்னியாவில் இருக்கிறீர்களே, உங்கள் வீட்டைப் புதுப்பிக்க லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுப்பீர்களா? அங்கே வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். 65 வயது தாண்டியவர்களுக்கு ஐந்து நாள். வயதானவர்களுக்கு யோசிக்க இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று அங்கே சட்டமே ஒத்துக்கொள்கிறது. இங்கே நாம் "கிழவிக்கு அறிவில்லை" என்கிறோம். சிங்கப்பூரில் எச்.டி.பி. வீட்டில் புதுப்பிப்பு வேலை என்றால் வாரியத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். இந்தப் பாதுகாப்பையெல்லாம் நீங்கள் அங்கே அனுபவித்துக்கொண்டு, இங்கே அம்மாவைப் பார்த்து "ரசீது வாங்கத் தெரியாதா" என்று கேட்கிறீர்கள்.

லைசென்ஸ் கொண்டு வந்தால் அதற்கும் லஞ்சம் வரும், பாவப்பட்ட கொத்தனார்தான் கஷ்டப்படுவார் என்று என் தம்பி சொல்கிறான். நியாயமான பயம். ஆகவே தினக்கூலிக்கு வருகிற கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் எதுவும் வேண்டாம். வீட்டு வேலைக்கென்று பெரிய தொகையை அட்வான்ஸ் வாங்குகிறவருக்கு மட்டும் மூன்று விஷயம் கட்டாயமாகட்டும். ஆதாரும் விலாசமும் சரிபார்த்த ஒரு பதிவு எண். அட்வான்ஸுக்கு ஓர் உச்சவரம்பு. அளவும் பொருளும் நாளும் எழுதிய ஒரு பக்க ஒப்பந்தம், தமிழில். இவ்வளவுதான். இதனால் நாணயமானவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்து நடுவில் ஓடுகிறவனோடு போட்டி போட வேண்டிய தொல்லை அவருக்குக் குறையும். உங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருக்கிறீர்கள், அரசு வேலையில் இருக்கிறீர்கள். பிறந்தநாள் வாழ்த்தோடு நிறுத்தாமல் இதைப் பேசுங்கள்.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? வீட்டுப்பாடம் தருகிறேன்.

1. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் உடைக்க விடாதீர்கள். மழைநீர்க் குழாயை அடைத்து மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். தண்ணீரே இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

2. நீங்களே அளங்கள். நீளம் பெருக்கல் அகலம். மறந்திருந்தால் எனக்கு போன் செய்யுங்கள்.

3. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முடிந்த வேலைக்கு முடிந்த அளவு. கொடுத்த பணம் எப்போதும் நடந்த வேலையைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருக்கட்டும். கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழை பார்த்த பிறகு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். சிமெண்ட், ஓடு போன்றவற்றை முடிந்தால் நீங்களே கடையில் வாங்கிக் கொடுங்கள்.

4. "பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம்" என்பார்கள். 18 சதவீதம் மிச்சம் என்று நாமும் தலையாட்டுவோம். அப்போது நாம் விற்றுவிடுவது நம் சாட்சியத்தை. அவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன ஆளாக இருந்தால் வரி வாங்கவே கூடாது. அதற்காக ரசீது தராமல் இருக்க முடியாது. பணத்தை வங்கி வழியாக அல்லது ஜி-பே-யில் அனுப்புங்கள். பேச்சை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். தினமும் இரண்டு போட்டோ.

5. ஏமாந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். 1915 என்ற எண் தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்திலேயே பதியலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே, லக்னோ வளர்ச்சிக் குழுமம் வழக்கில் சொல்லிவிட்டது. மெதுவாக நடக்கும், உண்மைதான். சட்டத்தில் எழுதியிருக்கிற மூன்று மாதத்தில் முடியாது. ஆனால் நமக்குத்தான் ரிட்டயர்டு வாழ்க்கை, நேரம் இருக்கிறது.

என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் கையால் ஒரு நோட்டீஸ் எழுதித் தபாலில் அனுப்பினேன். அளவு, தேதி, கொடுத்த தொகை எல்லாம் வரிசையாக. பத்து நாளில் 50,000 ரூபாய் கணக்கில் வந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வரவில்லை. மீதி 90,000 இன்னும் பாக்கி.

"போனது போகட்டும் விடும்மா, உங்க ஸ்டூடண்ட் வேற, பாவம்" என்கிறார்கள் வீட்டில். நானும் பல மாதம் அப்படித்தான் விட்டு வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா தன்னை முட்டாள் என்று சொன்னபோது எனக்கு உறைத்தது. நான் கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்களில், இந்தப் பேட்டையில் யாருக்கும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. ஏமாந்த ஒவ்வொருவரும் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதால்தான் அடுத்த வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்கிறது. இந்த வாரம் புகாரைப் பதியப் போகிறேன். அந்த அம்மாவின் புகாரையும் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் பேரை இங்கே எழுதவில்லை. ஆணையத்தில் எழுதுவேன். பரீட்சையில் காப்பியடித்த பையனை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்த மாட்டேன், ஆனால் மார்க் போட மாட்டேன், உங்களுக்கே தெரியும். இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால், பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், அவனுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய ஆறு நாள் கூலியை முதலில் கொடு. என் பாக்கியை அப்புறம் பேசலாம்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரி அம்மா அப்பாவுக்கு போன் செய்யுங்கள். வீட்டில் என்ன வேலை நடக்கிறது, யார் செய்கிறார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். ஏமாந்துபோயிருந்தால் முதல் வாக்கியமாக "பரவாயில்லைம்மா, பார்த்துக்கலாம்" என்று சொல்லுங்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் மறைத்துவிடுவார்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கட்டிய வீட்டை ரிப்பேர் பண்ணிப் பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிருங்கள். நாணயமான மேஸ்திரிகளைத் தெரிந்தவர்கள், அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எங்கள் தெருவில் இன்னும் நாலு வீடு ஒழுகுகிறது.

அனைவருக்கும் ஆசிகள்.
உங்கள் டீச்சர்